2000 மடங்கு என்று போட்டிருக்கிறது, ஆனால் 40-இலேயே எல்லாம் மங்கல். என்ன செய்யலாம்?

மல்பெரிக்காரன், கோபி பக்கம் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் இளம்புழு வளர்த்துக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன். முட்டை வாங்கிப் பொரிக்க வைத்து, இரண்டாவது தோலுரிப்பு வரை வளர்த்து, பட்டு விவசாயிகளுக்குக் கொடுப்போம். போன தடவை ஒரு தொகுதி ஒரே சீராக வரவில்லை. ஒரே தட்டில் பாதிப் புழு தோலுரிப்புக்கு உட்கார்ந்துவிட்டது, பாதி இன்னும் தழை தின்றுகொண்டிருந்தது. பட்டுப்புழுவுக்கு வரும் பெப்ரைன் என்ற தொற்றுநோயாக இருக்குமோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினேன். ஒன்பதாயிரம் ரூபாய். பெட்டியில் பெரிய எழுத்தில் 2000 மடங்கு என்று போட்டிருந்தது. புழுவை நசுக்கித் தண்ணீரில் கலக்கி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். 4 போட்ட லென்ஸிலும் 10 போட்டதிலும் பரவாயில்லை. 40-க்குத் திருப்பினால் பால் கலந்த தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது. 100-க்கு எண்ணெய் விட வேண்டும் என்றார்கள், வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை விட்டேன். இன்னும் மோசம். கண் வைக்கிற பக்கம் 20 போட்ட ஐபீஸை மாட்டினால் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முட்டை வடிவத்தில் என்னமோ சிலது மினுக்குகிறது. அது நோயா, கொழுப்பா, குப்பையா என்று சொல்ல முடியவில்லை.

இதைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னும் பெரிய மடங்கு உள்ளதாக வாங்கட்டுமா?

லேப்கார அண்ணன், ஈரோடு | செவ்வாய், இரவு 10.15

பெரிய மடங்கு வாங்காதீங்க. முதலில் ஒரு காரியம் செய்யுங்க. ஆப்ஜெக்டிவ், அதாவது ஸ்லைடுக்குப் பக்கத்தில் இருக்கிற லென்ஸ், ஒவ்வொன்றின் உடம்பிலும் பொடி எழுத்தில் எண்கள் பொறித்திருப்பார்கள். அதை அப்படியே இங்கே எழுதுங்க. பெட்டியில் போட்டிருப்பது கடைக்காரன் பேச்சு. உடம்பில் பொறித்திருப்பதுதான் கருவியின் பேச்சு.

சித்தோடு சிவா | செவ்வாய், இரவு 10.22

ஒன்பதாயிரத்துக்கு 2000 மடங்கு. அப்போ ஒரு மடங்கு நாலரை ரூபாய். தக்காளியை விட மலிவுங்க.

மல்பெரிக்காரன் | புதன், காலை 6.05

தழை வெட்டப் போகும் முன் பார்த்துவிட்டேன். 4/0.10. 10/0.25. 40/0.65. 100/1.25, இதில் மட்டும் எண்ணெய் என்று தனியாகப் போட்டிருக்கிறது. எல்லாவற்றிலும் கீழே 160/0.17 என்று இருக்கிறது.

நூல்கண்ணு, கோவை | புதன், மதியம் 1.30

நான் நூற்பாலைத் தரக்கட்டுப்பாட்டு ஆள். பஞ்சு இழையைத்தான் பார்க்கிறேன், புழுவை அல்ல. ஆனால் கண்ணாடியும் வெளிச்சமும் இரண்டுக்கும் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

40-க்குப் பக்கத்தில் 0.65 என்று இருக்கிறதே, அதுதான் முக்கியமான எண். என்.ஏ. என்பார்கள். பொருளிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தை எவ்வளவு அகலமான கூம்பாக அந்த லென்ஸ் வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு. எவ்வளவு நுண்ணிய விவரம் பிரிந்து தெரியும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. மடங்கு தீர்மானிப்பதில்லை.

வாசலில் கோலப்புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் தடித்தவர் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன அப்பம் மாதிரி விழும். இரண்டு புள்ளியை மிக நெருக்கி வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே அப்பம். அந்தக் கோலத்தைப் போட்டோ எடுத்து சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் அது பெரிய அப்பமாகத்தான் தெரியும், இரண்டு புள்ளியாகப் பிரியாது. வெளிச்சம் அலை என்பதால் லென்ஸும் ஒவ்வொரு புள்ளியையும் இப்படி ஒரு சின்ன வட்டமாகத்தான் இறக்குகிறது. என்.ஏ. கூடக்கூட விரல் மெலிகிறது. ஐபீஸ் செய்வது போட்டோவைப் பெரிதாக்கும் வேலை மட்டும்.

இதை 1873-இல் யேனா ஊரில் எர்ன்ஸ்ட் அபே சூத்திரமாகவே எழுதிவிட்டார். அலைநீளத்தை என்.ஏ.வின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அந்தச் சூத்திரத்தை அவருடைய நினைவுச்சின்னத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். நான் கொஞ்சம் கறாராக, அலைநீளத்தை 0.61-ஆல் பெருக்கி என்.ஏ.வால் வகுப்பேன். பச்சை வெளிச்சத்துக்கு அலைநீளம் 0.55 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அப்படியானால் உங்கள் 4-இல் 3.4 மைக்ரான் வரை பிரியும், 10-இல் 1.3, 40-இல் 0.52, 100-இல் ஒழுங்கான எண்ணெயோடு 0.27. அதற்குக் கீழே எதை நெருக்கி வைத்தாலும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆப்ஜெக்டிவையும் ஐபீஸையும் பெருக்கி வரும் மொத்த மடங்கு, என்.ஏ.வை 500-இலிருந்து 1000 வரை பெருக்கினால் வரும் எண்ணுக்குள் இருந்தால் கண்ணுக்குப் பயன். அதற்கு மேல் வெறும் உப்பல். உங்கள் 100-க்கு 1250-தான் எல்லை. 20 ஐபீஸ் போட்டு 2000 ஆக்கினால் அப்பம் பெரிதாகும், புள்ளி கூடாது. பெட்டியில் பொய் எழுதவில்லை, பயனில்லாத உண்மையை எழுதியிருக்கிறார்கள்.

லேப்கார அண்ணன் | புதன், மதியம் 2.10

நூல்கண்ணு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெப்ரைன் பார்க்கிற இடங்களில் தாய் அந்துப்பூச்சியை நசுக்கி 600 மடங்கில் பார்ப்பார்கள். 15 ஐபீஸ், 40 ஆப்ஜெக்டிவ். 0.65-க்கு எல்லை 650. கச்சிதமாக உள்ளே உட்காருகிறது பாருங்க. அந்த 600-ஐ யாரோ வாய்க்கு வந்தபடி சொல்லிவிடவில்லை.

பெப்ரைன் கிருமியின் வித்து நீளவாக்கில் 3-இலிருந்து 4 மைக்ரான், அகலத்தில் ஏறக்குறைய 2. உங்கள் 40 பிரிப்பது அரை மைக்ரான். அப்படியானால் நீள்வட்ட வடிவம் தெளிவாகத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் குற்றம் எங்கேயோ இருக்கிறது, எண்ணில் இல்லை.

விலங்கியல் டீச்சர், பொள்ளாச்சி | புதன், மாலை 5.45

கீழே இருக்கிற 160/0.17-ஐ யாரும் தொடவில்லையே. 0.17 என்பது சொட்டை மூடுகிற மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் கனம், மில்லிமீட்டரில். அந்தக் கனக் கண்ணாடி நடுவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் லென்ஸைச் செய்திருக்கிறார்கள். 4-க்கும் 10-க்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தெரியாது. 40 உலர் லென்ஸ்தான் ரொம்பக் கோபக்காரன். கனம் மாறினால் ஓரத்துக் கதிர் ஓரிடத்திலும் நடுக்கதிர் ஓரிடத்திலும் போய்ச் சேரும். நீங்கள் சொன்ன பால் கலந்த தண்ணீர் அதுதான்.

மல்பெரிக்காரரே, கவர் ஸ்லிப் போட்டீர்களா? போட்டீர்கள் என்றால் எத்தனை போட்டீர்கள்?

மல்பெரிக்காரன் | புதன், இரவு 8.20

எத்தனையா? ஒன்றுதானுங்க டீச்சர். இரண்டு போடுவார்களா என்ன?

விலங்கியல் டீச்சர் | புதன், இரவு 8.31

யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. மழைக்காலத்தில் டப்பாவுக்குள் ஈரம் பட்டு இரண்டு ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்கு ஒன்று மாதிரியே இருக்கும். ஆய்வகத்தில் வருடா வருடம் பத்துப் பிள்ளைகளாவது இதில் விழுவார்கள். எடுத்து ஓரமாக வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டியிருந்தால் நடுவில் வானவில் நிறத்தில் வளையம் தெரியும். நகத்தால் லேசாகத் தள்ளினால் ஒன்று நழுவும்.

இன்னொரு கூத்தும் உண்டு, ஸ்லைடைத் தலைகீழாக வைப்பது. 10-இல் அழகாகத் தெரியும். 40-க்கு வந்தால் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி நடுவில் நிற்கும், குவியவே குவியாது. இதை நானே ஒருமுறை மாணவர்கள் முன்னால் செய்து, லென்ஸ் கெட்டுவிட்டது என்று அறிவித்திருக்கிறேன்.

சத்தி அம்மணி | புதன், இரவு 9.05

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எனக்கு ஒரு சந்தேகம். போனை ஐபீஸ் மேல் வைத்து எடுக்கிறோமே, 64 மெகாபிக்சல் போன் என்றால் அதிகம் தெரியாதா? 2014-இல் அபே எல்லையைத் தாண்டியதற்குத்தான் நோபல் பரிசு என்று வகுப்பில் சொன்னார்கள். அப்போ அந்த எல்லை பொய்யா?

நூல்கண்ணு | புதன், இரவு 10.40

முதல் கேள்வி நல்ல கேள்வி, அம்மணி. கணக்கே போட்டுவிடுவோம். சாதாரண ஐபீஸில் 40-ஐ வைத்துப் பார்க்கும்போது தெரிகிற வட்டத்தின் குறுக்களவு சுமார் 0.45 மில்லிமீட்டர். லென்ஸ் பிரிப்பது 0.52 மைக்ரான். ஒவ்வொரு நுண்விவரத்துக்கும் இரண்டு பிக்சல் கொடுத்தால் குறுக்காக ஏறக்குறைய 1,730 பிக்சல். சதுரமாக எடுத்தால் 30 லட்சம், அதாவது 3 மெகாபிக்சல். 40 கொடுக்கும் விவரம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. மீதி 61 மெகாபிக்சலும் அப்பத்தின் விளிம்பைத்தான் படம் பிடிக்கின்றன.

தமாஷ் என்னவென்றால், 100-க்குப் போனால் தேவை இன்னும் குறைகிறது, 2 மெகாபிக்சல்கூட வேண்டாம். குறைந்த மடங்கான 4-க்குத்தான் 7 மெகாபிக்சல் கேட்கும், ஏனென்றால் அது பார்க்கும் இடம் பெரிது. ஜனங்கள் தலைகீழாக நினைத்துக்கொண்டு செலவு செய்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி. எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூன்று பேருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்கள் லென்ஸின் விரலை மெலிய வைக்கவில்லை. ஒளிரும் மூலக்கூறுகளை எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல் தந்திரம் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு நேரத்தில் எரிந்தால் ஒவ்வொரு அப்பத்தின் நடுவையும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம் அல்லவா? அதற்கு ஒளிரும் சாயம் வேண்டும். நம்முடைய ஒன்பதாயிரம் ரூபாய் கருவிக்கு அபே சொன்னது சொன்னதுதான்.

லேப்கார அண்ணன் | வியாழன், காலை 7.10

மல்பெரிக்காரரே, சாயம் போடாத ஈர ஸ்லைடு பார்க்கும்போது ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சரைக் கொஞ்சம் கீழே இறக்குங்க, அதன் வெளிச்சத் துளையான ஐரிஸைச் சின்னதாக்குங்க. பளிச்சென்று எடுத்துக்காட்டும். நான் இருபத்தாறு வருடம் சிறுநீர் ஸ்லைடு பார்த்தது அப்படித்தான்.

நூல்கண்ணு | வியாழன், காலை 9.00

அண்ணா, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். கீழேயிருந்து போகிற வெளிச்சக் கூம்பும் அகலமாக இருந்தால்தான் 0.65 முழுசாக வேலை செய்யும். ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் லென்ஸின் பின்பக்க வட்டம் தெரியும். அதில் முக்கால் பாகம் வெளிச்சம் நிரம்பும் அளவுக்கு ஐரிஸைத் திறக்க வேண்டும். ஊசித்துளை போல மூடிவிட்டால் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு இரட்டைக் கோடு முளைக்கும். பஞ்சு இழையில் இல்லாத சுவரையெல்லாம் அது காட்டும். நான் அப்படி ஒரு தடவை முற்றாத பஞ்சை முற்றியது என்று எழுதிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லேப்கார அண்ணன் | வியாழன், காலை 9.25

உங்க பஞ்சு இழை 15 மைக்ரான் தடிமன், விளிம்பு தானாகவே தெரியும். தண்ணீரில் கிடக்கும் வித்து கண்ணாடித் துண்டு மாதிரி. ஐரிஸை முழுக்கத் திறந்தால் வெளிச்சத்தில் கரைந்தே போகும். இருப்பதே தெரியாவிட்டால் பிரிதிறனை வைத்து என்ன செய்வது?

நூல்கண்ணு | வியாழன், காலை 9.50

அதுவும் சரிதான். ஆனால் மூடி வைத்தால் கொழுப்புத் துளியும் தூசியும்கூட மினுக்கும், சுற்றிலும் வளையம் கட்டும். இவருடைய பயமே அதுதானே?

விலங்கியல் டீச்சர் | வியாழன், மதியம் 12.40

இரண்டு பேரும் வேறு வேறு வேலையைச் சொல்கிறீர்கள். தேடும்போது மூடுங்கள், கிடைத்ததை எடைபோடும்போது மெல்லத் திறந்துகொண்டே பாருங்கள். மூடினால்தான் வளையம், திறந்தால் காணோம் என்றால் அந்த வளையத்தை நம்பக் கூடாது. திறந்தும் நீள்வட்ட விளிம்பு நிற்கிறதா, அதைக் கவனியுங்கள். இந்தத் தொல்லைக்குத்தான் ஃபிரிட்ஸ் செர்னிகே என்பவர் கட்ட வேறுபாட்டு மைக்ராஸ்கோப்பைக் கண்டுபிடித்து 1953-இல் நோபல் வாங்கினார். ஐரிஸை மூடாமலே கண்ணாடித் துண்டையும் எடுத்துக்காட்டும். விலைதான் வேறு.

சொட்டையும் கவனியுங்கள். 0.65 லென்ஸுக்கு ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரானும் கொஞ்சமும்தான். சொட்டு கெட்டியாக இருந்தால் ஒன்று மேலே மிதக்கும், ஒன்று கீழே கிடக்கும், எல்லாமே அரைகுறையாகத் தெரியும். சின்னச் சொட்டு வைத்து, ஓரத்தில் தாளை வைத்து உறிஞ்சிவிட்டு, இரண்டு நிமிடம் அடங்க விடுங்கள். வெறும் தண்ணீருக்குப் பதில் 0.6 சதவீதப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் நசுக்கிப் பாருங்கள், பெப்ரைன் பரிசோதனையில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சித்தோடு சிவா | வியாழன், மதியம் 1.15

தேங்காய் எண்ணெய் விவகாரத்தை யாருமே விசாரிக்கவில்லையே. காங்கேயம் செக்குக்கே அவமானமுங்க.

நூல்கண்ணு | வியாழன், மதியம் 1.40

விசாரித்துவிடலாம். எண்ணெய் எதற்கு? கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஓரக்கதிர் வளைந்து தப்பிவிடும். காற்றில் என்.ஏ. 1-ஐத் தாண்டவே முடியாது. கண்ணாடிக்கு ஒத்த எண்ணெயை நடுவில் வைத்தால், கதிர் எல்லை இருப்பதே தெரியாமல் நேராக லென்ஸுக்குள் போகும். கவர் ஸ்லிப்பின் ஒளிவிலகல் எண் 1.52 பக்கம், அதற்கென்று விற்கும் எண்ணெய் 1.515 பக்கம். தேங்காய் எண்ணெய் 1.45. காற்றுக்கு இது தேவலை, ஆனால் லென்ஸ் போட்ட கணக்கு தப்பிவிடும், கதிர் ஒரே இடத்தில் சேராது. விளக்கெண்ணெய் 1.48, கொஞ்சம் நெருக்கம், அதுவும் போதாது. தவிர மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் லென்ஸ் மேலேயே உறைந்தால் என்ன செய்வீர்கள்?

லேப்கார அண்ணன் | வியாழன், மதியம் 2.05

அடடா, இப்போதுதான் உறைக்கிறது. எண்ணெய் விட்ட பிறகு 100-இலிருந்து 40-க்குத் திருப்பினீங்களா? 40-இன் மூக்கு எண்ணெயில் தோய்ந்திருக்கும். ஐபீஸ் ஒன்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அதைப் பூதக்கண்ணாடியாக வைத்து 40-இன் முனையைப் பாருங்க. சன்னமாக ஒரு படலம் தெரிந்தால் லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்க, தேய்க்காதீங்க. வேட்டித் துணி வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. நசுக்கின உரலையும் ஸ்லைடையும் புழு மனைக்குள் கொண்டுபோகாதீங்க. வித்து இருந்தால் நீங்களே பரப்பின மாதிரி ஆகிவிடும்.

மல்பெரிக்காரன் | வெள்ளி, இரவு 9.15

டீச்சர், உங்களுக்கு ஒரு கும்பிடு. டப்பாவிலிருந்து எடுத்த கவர் ஸ்லிப்பை ஓரமாக டார்ச்சில் காட்டினேன். சோப்புக் குமிழி மாதிரி வளையம். நகத்தை வைத்தேன், ஒன்று நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. இத்தனை நாளும் இரண்டாகத்தான் போட்டிருக்கிறேன். லேப்கார அண்ணன் சொன்ன படலமும் இருந்தது. தலைகீழ் ஐபீஸில் பார்த்தால் 40-இன் முனையில் ஒரு விரல்ரேகையே தெரிந்தது, அதுவும் என்னுடையதுதான் போல.

துடைத்து, ஒற்றைக் கவர் ஸ்லிப் போட்டு, சொட்டைக் குறைத்து, பழைய 10 ஐபீஸிலேயே பார்த்தேன். அது வேறு கருவி மாதிரி இருக்கிறதுங்க. மினுக்கிக்கொண்டிருந்தவற்றில் பாதி, ஐரிஸைத் திறந்ததும் உருண்டையாக ஆகிவிட்டன, ஒன்று சின்னது ஒன்று பெரியது. அளவே சீராக இல்லை. கொழுப்பு என்றே படுகிறது. ஆனால் ஐந்தாறு மட்டும் நீளவாக்கில் நிற்கின்றன. அளவை எப்படிப் பார்ப்பது?

லேப்கார அண்ணன் | வெள்ளி, இரவு 9.40

அளவுகோல் பொறித்த ஸ்லைடு கிடைக்கும், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்திருப்பார்கள். அது வரும்வரை உங்க ரத்தமே அளவுகோல். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து இன்னொரு ஸ்லைடில் மெலிதாக இழுத்துக் காயவிடுங்க. சிவப்பணு ஏழு மைக்ரானுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பெப்ரைன் வித்து அதில் ஏறக்குறைய பாதி நீளம்.

ஆனால் முடிவை நீங்களும் நாங்களும் சொல்லக் கூடாது. இதில் தப்பினால் உங்களிடம் புழு வாங்கின அத்தனை பேர் மனையும் போகும். மாதிரியோடு பட்டு வளர்ச்சித் துறை ஆட்களிடம் போய்க் காட்டுங்க.

விலங்கியல் டீச்சர் | வெள்ளி, இரவு 10.00

ஆமாம், போய்க் காட்டுங்கள். பெப்ரைன் என்ற பெயரே மிளகிலிருந்து வந்தது. நோய் கண்ட புழு மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி விழும் என்று பிரான்சின் தெற்கில் வைத்த பெயர். 1865-இல் லூயி பாஸ்டர் அங்கே போய் உட்கார்ந்துதான், தாய்ப்பூச்சியை நசுக்கிப் பார்த்து நல்ல முட்டையை மட்டும் எடுக்கும் முறையை நிலைநாட்டினார். உங்கள் புழு மேல் அந்தப் புள்ளி இருந்ததா?

மல்பெரிக்காரன் | வெள்ளி, இரவு 10.08

இல்லீங்க டீச்சர். அதுதான் கொஞ்சம் தெம்பு. திங்கட்கிழமை போகிறேன்.

சத்தி அம்மணி | சனி, காலை 11.20

நானும் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தில் டயாட்டம் (ஓடு உள்ள நுண்பாசி) ஸ்லைடு ஒன்று இருக்கிறது. அதில் ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற வகையின் ஓட்டில் வரிகள் அரை மைக்ரான் இடைவெளியில் இருக்குமாம். 40/0.65-இல் முதலில் வழுவழு ஓடாகத்தான் தெரிந்தது. கண்டென்சரை மேலே ஏற்றி, ஐரிஸை முக்கால் திறந்து, நீல வடிகட்டி போட்டதும் வரி வரியாக எழுந்து வந்தது. ஐரிஸை மூடினேன், மறுபடி வழுவழு. 20 ஐபீஸ் போட்டுப் பார்த்தேன், வழுவழு பெரிதானது!

நூல்கண்ணு | சனி, மதியம் 12.05

சபாஷ் அம்மணி. 0.52 என்று நான் எழுதினதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். நீல வெளிச்சம் அலைநீளம் குறைவு, 0.45 என்று வைத்தால் 0.42 வரை இறங்கும். அந்தக் கொஞ்சம்தான் வரியைத் தூக்கிக் கொடுத்தது.

மல்பெரிக்காரன் | செவ்வாய், இரவு 8.50

போய் வந்தேன். பெப்ரைன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்தாறும் பூஞ்சை வித்தாக இருக்கும், ஈரத் தழையோடு வந்திருக்கும் என்றார்கள். புழு சீராக வராததற்குக் காரணம் தட்டில் நெருக்கம், நானே நூறு முட்டைத் தொகுதிக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது வைத்திருந்தேன்.

அவர்களிடம் இருந்த நிஜப் பெப்ரைன் ஸ்லைடையும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். ஒரே அச்சில் வார்த்த மாதிரி, எல்லாம் ஒரே அளவு, ஒரே நீள்வட்டம், ஒன்றைப் பார்த்தால் நூற்றைப் பார்த்த மாதிரி. நான் வீட்டில் பார்த்தது ஐந்தும் ஐந்து விதம். அவர்களுடைய கருவியில் போட்டிருந்த எண்ணையும் எட்டிப் பார்த்தேன். 40/0.65.

சித்தோடு சிவா | செவ்வாய், இரவு 9.02

அந்த 20 ஐபீஸை என்ன செய்யப் போறீங்க?

மல்பெரிக்காரன் | செவ்வாய், இரவு 9.10

பையனிடம் கொடுத்துவிட்டேன். தலைகீழாகப் பிடித்து எறும்பு பார்த்துக்கொண்டிருக்கிறான்.